மெட்டு வாசிக்க ஒரு கொன்சர்ட்டீனா: எந்த அமைப்பில் செய்விப்பது நல்லது?

வன்னியில் காத்தவராயன் கூத்து ஆடும் ஊர்களில் ஆர்மோனியம் இல்லாத களரியைக் காண்பது அரிது. சிந்துநடைப் பாட்டின் மெட்டை முதலில் எடுத்துக் கொடுப்பதும், பாடுபவர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்புவதும், பிற்பாட்டுக்காரர் சுருதி பிசகாமல் சேர்வதற்குச் சுரத்தை நீட்டிப் பிடிப்பதும் அந்தப் பெட்டியின் வேலை. ஆயினும் அது நிலத்தில் வைத்து, ஒரு கையைத் துருத்திக்குக் கொடுத்துவிட்டு மறுகையால் மட்டும் வாசிக்கப்படுகிற கருவியாகும். இரு கைகளிலும் ஏந்தி, நின்றபடியும் நடந்தபடியும் வாசிக்கத்தக்க கொன்சர்ட்டீனா ஒன்றைத் தம் பாட்டுக்கு ஏற்ற முறையில் செய்விக்க எண்ணுகிற குழுவினரும் இசை ஆசிரியர்களும் பொத்தான் அமைப்பு, சுருதி, நாக்குகள், மரம் ஆகிய ஒவ்வொன்றிலும் சிலவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. அத்தெரிவுகளை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மெட்டு வாசிப்பது மட்டுமே நோக்கம் என்று கொள்கிறேன். பல சுரங்களை ஒருங்கே ஒலித்து மேலைநாட்டு முறையில் துணையிசை சேர்ப்பது வேறு தேவை, அதற்கு வேறு கருவி பொருந்தும்.

கொன்சர்ட்டீனா என்பது பெரும்பாலும் அறுகோண வடிவான இரண்டு மரப்பெட்டிகளுக்கு இடையே மடிப்புத் துருத்தி ஒன்றைப் பொருத்திய சிறு கருவி. ஒவ்வொரு பொத்தானும் ஒரு துளையைத் திறக்க, காற்று ஓர் உலோக நாக்கை அதிரச் செய்து ஒலி எழுப்புகிறது. ஆர்மோனியத்தின் நாக்கும் இதே வகையைச் சேர்ந்ததுதான். காற்று வரும் வழியில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. ஆர்மோனியத்தில் வெளித்துருத்தியின் காற்று உள்ளே இருக்கும் இன்னொரு துருத்தியில் தேங்கிச் சமநிலைப்பட்ட பிறகே நாக்கை அடைவதால், கையின் அழுத்தம் ஒலியில் மழுங்கியே தெரியும். கொன்சர்ட்டீனாவில் அப்படித் தேங்கும் இடமில்லை. கை அழுத்திய அதே கணத்தில் ஒலி பெருக்கும், கை தளர்ந்த அதே கணத்தில் தணியும். ஒரு சுரத்தை மெல்லத் தொடங்கி, விரித்து, மீண்டும் ஒடுக்குவதற்கு இதைவிட நேரான வழி விசைப்பலகைக் கருவிகளில் இல்லை. மெட்டுக்கு இக்கருவியை நாடுவதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது என்பது என் கருத்து.

எம் பாட்டு இக்கருவியிடம் எதைக் கேட்கிறது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். காத்தவராயன் கூத்தில் காத்தான் பாத்திரத்தைக் கதையின் போக்கில் ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஏற்று ஆடுவர். ஆள் மாறினால் குரல் மாறும், குரல் மாறினால் கட்டையும் (ஸட்ஜத்தை, அதாவது அடிப்படைச் சுரமாகிய ஸவை, வைக்கும் சுருதி நிலையும்) மாறும். ஒத்திகையில் ஆர்மோனியக்காரரின் அருகில் இருந்து பார்த்தால் இது நன்கு விளங்கும். புதிதாக வந்தவர் முதலடியைத் தம் குரலுக்கு இசைந்த இடத்தில் எடுத்துவிடுவார். ஆர்மோனியக்காரர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டு, பெருவிரலால் ஓரிடத்தை மெல்லத் தொட்டு, அது பொருந்தாவிடின் அடுத்ததற்கு நகர்ந்து, இரண்டாமடி தொடங்குமுன் அவருடைய ஸட்ஜத்தைப் பிடித்துவிடுவார். புதிய கருவியும் இந்த இடப்பெயர்வுக்கு இடம் கொடுக்க வேண்டும். இதுவே முதலாவது தேவை.

இரண்டாவது தேவை ஒலியெல்லை. எம் மெட்டுகளிற் பெரும்பாலானவை மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ்ப் ப) தார பஞ்சமம் (மேற் ப) வரையான இரண்டு ஸ்தாயிக்குள் அடங்குகின்றன. ஒரு கட்டை முதல் ஐந்து கட்டை வரை எதையும் ஸட்ஜமாகக் கொள்ளலாம் என்றும், ஒவ்வொன்றிலும் இந்த இரண்டு ஸ்தாயியும் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்றும் வைத்துக் கணக்கிட்டால், 196 ஹேர்ட்ஸில் தொடங்கி ஏறத்தாழ 1,175 ஹேர்ட்ஸில் முடியும் 32 அரைச்சுரங்கள் போதும். ஆண் குரலுக்கு இது ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அதனைக் குறையாக நான் கருதவில்லை. திறந்த வெளியில், மத்தள ஒலிக்கும் பிற்பாட்டுக்கும் இடையில், பாடுபவரின் ஸ்தாயிக்கு மேலே நிற்கும் மெட்டு தெளிவாகக் கேட்கும். கீழ் ஸ்தாயியையும் சேர்த்தால் நாக்குகள் நீளும், பெட்டி பெருக்கும், ஒலி எழத் தாமதிக்கும்.

மூன்றாவது தேவை சுரத்தானங்கள். பிள்ளைகள் சரளி வரிசையைத் தொடங்குவது மாயாமாளவகௌளை இராகத்தில். தேவாரப் பண்களுள் சீகாமரம் நாதநாமக்கிரியையில் பாடப்படுகிறது. இவ்விரண்டிலும் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் (ரி, த ஆகியவற்றின் தாழ்ந்த வகைகள்) வருகின்றன. மேலைநாட்டு நாட்டார் இசைக்கென வகுக்கப்பட்ட பொத்தான் அமைப்புகள் இந்த இரண்டு சுரங்களையும் எங்கே வைக்கின்றன என்று பார்த்தாலே பாதித் தெரிவு முடிந்துவிடும்.

முதலில் ஆங்கிலோ அமைப்பை எடுத்துக்கொள்வோம். செருமனியின் கெம்னிட்ஸ் நகரைச் சேர்ந்த கார்ல் பிரீட்ரிக் ஊலிக் 1834இல் செய்த கருவி இதன் மூலம். வாயால் ஊதும் மவுத் ஓர்கனில் உள்ளது போல, இதிலும் ஒரு பொத்தான் துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரத்தையும் இழுக்கும்போது வேறொரு சுரத்தையும் தரும். 20 பொத்தான்கள் கொண்ட எளிய வகை மலிவானது, கைக்கு அடக்கமானது, கைப்பட்டியின் பிடியும் உறுதியானது. அதன் முதல் வரிசை சங்கராபரணத்தின் ஏழு சுரங்களையும் அப்படியே தருகிறது. அதே ஏழு சுரங்களை வைத்துக் கிரகபேதம் செய்தால் (அவற்றுள் வேறொன்றை ஸவாகக் கொண்டால்) கரகரப்பிரியா, தோடி, கல்யாணி, அரிகாம்போதி, நடபைரவி ஆகியவற்றின் சுரத்தானங்களும் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஸட்ஜம் வேறோர் இடத்துக்குப் போய்விடும். மாயாமாளவகௌளை அதில் எந்த ஸட்ஜத்திலும் கிடைக்காது. 30 பொத்தான் வகையில் மூன்றாவது வரிசை விடுபட்ட சுரங்களைச் சேர்க்கிறது. அவற்றுட் சில அழுத்தலில் மட்டும், சில இழுப்பில் மட்டும் கிடைப்பதால், மெட்டு எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதைப் பாட்டுக்குப் பதிலாகப் பொத்தான் தீர்மானித்துவிடுகிறது.

துருத்தியின் திசை மாற்றத்தைச் சற்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். சங்கராபரண ஆரோகணத்தை ஆங்கிலோவின் ஒரே வரிசையில் வாசித்தால் ஸ அழுத்தலிலும், ரி இழுப்பிலும், க அழுத்தலிலும், ம இழுப்பிலும், ப அழுத்தலிலும், த நி இரண்டும் இழுப்பிலும், மேல் ஸ அழுத்தலிலும் வரும். எட்டுச் சுரங்களுக்குள் ஆறு முறை துருத்தி திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலி ஒரு நுண்கணம் அறுபட்டு மீண்டும் எழும். அயர்லாந்தின் நடன இசையில் ஆங்கிலோ பெரிதும் விரும்பப்படுவதற்கு இந்தத் துள்ளலே காரணம், அங்கு அது அழகாகவும் இருக்கிறது. எம்மிடமும் வேக நடையில் அமைந்த ஆட்டத் தருக்களுக்கு (கூத்துப் பாட்டுகளுக்கு) அது பொருந்தும். ஆனால் ஒரு புலம்பலையோ ஒரு விருத்தத்தையோ இழைத்து வாசிக்க விரும்புபவர், சொல்லின் நடுவில் ஒலி துண்டுபடுவதைப் பொறுக்கமாட்டார். ஆகவே என் தெரிவு ஆங்கிலோ அன்று. தேவாலயத்தில் பெரும்பாலும் சங்கராபரணச் சாயலிலான கீதங்களை ஒரே சுருதியில் வாசிக்கும் ஒருவருக்கு மட்டும் 20 பொத்தான் ஆங்கிலோவைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது, ஹேடன் டூயட் அமைப்பு. சுவிற்சர்லாந்தின் காஸ்பர் விக்கி 1896இல் காப்புரிமை பெற்ற ஒழுங்கையே பின்னர் இங்கிலாந்தின் பிரையன் ஹேடன் தனியாகக் கண்டடைந்து கொன்சர்ட்டீனாவுக்குக் கொண்டுவந்தார். அழுத்தினாலும் இழுத்தாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். தாழ்ந்த சுரங்கள் இடக்கையிலும் உயர்ந்தவை வலக்கையிலும் இருக்கும். ஒரு வரிசையில் ஸ, ரி, க முழுச்சுர இடைவெளியில் நிற்க, அதற்கு மேல்வரிசையில் ம, ப, த, நி தொடரும். இந்த ஒழுங்கு எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் மாறாததால், கட்டை மாறும்போது கையை நகர்த்தினால் போதும், விரலடவு அப்படியே நிற்கும். காத்தான் மாறும் இடத்தில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இடக்கையால் ஸவையும் பவையும் பிடித்துச் சுருதியாக நிறுத்திக்கொண்டு வலக்கையால் மெட்டை வாசிக்கலாம் என்பதும் மனத்தைக் கவருகிறது.

சிக்கல் சுத்த ரிஷபத்தில் எழுகிறது. ஹேடன் ஒழுங்கில் முழுச்சுரங்கள் அண்டை வீட்டுக்காரர் போல் இருக்க, அரைச்சுரங்கள் தூரத்தில் இருக்கின்றன. ஸவிலிருந்து சுத்த ரிஷபத்துக்கு மேல்வரிசையில் இடப்புறம் வெகுதூரம் போக வேண்டும், அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்குக் கீழ்வரிசையில் நாலரைப் பொத்தான் தூரம் வலப்புறம் தாவ வேண்டும். சங்கராபரணத்தில் சறுக்கிச் செல்லும் விரல் மாயாமாளவகௌளையில் குதித்துக் குதித்துச் செல்கிறது. மெட்டு முழுவதையும் ஒரே கையே சுமக்கிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால் வேகத்தில் இடறல் நேர்வது உறுதி. கட்டை மாற்றமே தலையாய தேவையாகவும், பாடும் மெட்டுகள் அரிகாம்போதி, கரகரப்பிரியா போன்றவற்றின் வட்டத்துக்குள் நிற்பவையாகவும் இருந்தால் ஹேடன் நல்ல தெரிவு. பண்ணிசை கற்பிக்கிற இடத்துக்கு அது போதாது.

மூன்றாவது, இங்கிலிஷ் அமைப்பு. மின்தடை அளக்கும் பாலத்தின் பெயரால் உயர்தர வகுப்பு மாணவரும் அறிந்திருக்கிற சாள்ஸ் வீட்ஸ்டன் 1829இல் பெற்ற காப்புரிமையில் இதன் விதை இருக்கிறது. 1844இல் அவர் பெற்ற காப்புரிமை கொன்சர்ட்டீனாவையே குறித்தது. இதிலும் அழுத்தல், இழுப்பு இரண்டுக்கும் ஒரே சுரம். ஆனால் சுரங்கள் இரு கைகளுக்கும் மாறிமாறிப் பங்கிடப்பட்டுள்ளன. ஸ ஒரு கையில் என்றால் ரி மறுகையில், க மீண்டும் முதற்கையில், ம மறுகையில். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு வரிசைகள் உண்டு. நடுவிரண்டில் ஏழு இயற்கைச் சுரங்களும், வெளியிரண்டில் அவற்றின் அரைச்சுர வேறுபாடுகளும் நிற்கின்றன. ஒரு கை ஒரு சுரத்தை விடுவதற்குள் மறுகை அடுத்ததைத் தயாராகப் பிடித்திருப்பதால், இழைத்து வாசிப்பதிலும் விரைந்து வாசிப்பதிலும் இதற்கு நிகரான அமைப்பு கொன்சர்ட்டீனாக்களுள் இல்லை. மெட்டுக்கென்றே பிறந்த அமைப்பு இது என்றால் மிகையாகாது.

வழக்கமான 48 பொத்தான் இங்கிலிஷ் கருவியை அப்படியே பிரதி செய்யச் சொல்வது தகாது என்பதை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். அதில் 96 நாக்குகள் உள்ளன. நாம் மேலே கணக்கிட்ட எல்லைக்கு அப்பால் கீச்சென்று ஒலிக்கும் உச்சச் சுரங்களும், ஒரே சுரத்தை இருமுறை வைத்திருக்கும் இரட்டிப்புகளும் அதில் அடங்கும். வீட்ஸ்டன் ஒரு ஸ்தாயியில் 14 பொத்தான் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அக்காலச் சுருதி முறையில் ஐந்தாம் சுரத்தின் ஏற்றமும் ஆறாம் சுரத்தின் இறக்கமும் வெவ்வேறு ஒலிகளாக இருந்தன. இரண்டாம், மூன்றாம் சுரங்களுக்கிடையிலும் அப்படியே. இன்று சம இடைவெளியில் சுருதி சேர்த்தால் அந்த இரண்டு சோடிகளும் ஒரே ஒலியையே தரும், ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் வீண்.

அந்த வீணானவற்றை நீக்கி, ஸவின் ஏற்றமாக இருக்கும் பொத்தானை ஸவின் பக்கத்திலிருந்து எடுத்து ரியின் பக்கத்துக்கு மாற்றி வைத்தால், ஒரு ஸ்தாயிக்கு 12 பொத்தான்கள் எஞ்சுகின்றன. அவற்றை எம் சுரப் பெயர்களால் வாசித்துப் பாருங்கள். முதற்கையில் ஸ தனியாக நிற்கிறது. மறுகையில் சுத்த ரிஷபமும் சதுச்சுருதி ரிஷபமும் அருகருகே. முதற்கையில் சாதாரண காந்தாரமும் அந்தர காந்தாரமும் அருகருகே. மறுகையில் இரண்டு மத்திமங்கள். முதற்கையில் ப தனியாக. மறுகையில் சுத்த தைவதமும் சதுச்சுருதி தைவதமும். முதற்கையில் கைசிகி நிஷாதமும் காகலி நிஷாதமும். ஸவுக்கும் பவுக்கும் வேறுபாடு இல்லாதது போலவே பொத்தான் பலகையிலும் அவற்றின் வெளிப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. விரல் அந்த வெறுமையைத் தடவியே ஸவையும் பவையும் கண்டுகொள்ளும். ஒரு சுரத்தின் எந்த வகையை எடுத்தாலும் அடுத்த சுரம் மறுகையிலேயே இருக்கும். 72 மேளகர்த்தாக்களுள் (தாய் இராகங்களுள்), மேற்சொன்னவற்றுக்குப் புறம்பான சுர வகைகள் வருகிற விவாதி மேளங்கள் 40ஐ ஒதுக்கினால் எஞ்சும் 32 மேளங்களிலும், மாயாமாளவகௌளை, தோடி, கல்யாணி எதுவாயினும், ஆரோகணம் முழுவதும் கை மாறி மாறியே செல்கிறது. வேறோர் இசைக்கென வகுக்கப்பட்ட ஓர் அமைப்பு இவ்வளவு சிறிய திருத்தத்தில் எம் சுர அட்டவணையாகவே ஆகிவிடுவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. தனியாகச் செய்விப்பதற்கு இதைவிடச் சிறந்த நியாயம் வேண்டியதில்லை.

கட்டை மாறும்போது இவ்வொழுங்கு என்னவாகும்? ஹேடன் போல் மாறாமல் நிற்காது. ஆனால் சேதம் நினைப்பதை விடக் குறைவு. பொத்தான் ஒழுங்கு எந்த ஸவை வைத்து அமைக்கப்பட்டதோ அதைத் தாய் ஸட்ஜம் என்போம். தாய் ஸட்ஜத்தின் மத்திமத்தை ஸவாகக் கொண்டால் சுத்த ரிஷபம் ஒன்று மட்டும் கை மாறாமல் ஸவின் பக்கத்திலேயே விழும். தாய்ப் பஞ்சமத்தை ஸவாகக் கொண்டால் பிரதி மத்திமம் ஒன்று மட்டும் பவின் பக்கம் போகும். இரண்டு கட்டை, மூன்று கட்டை போன்ற ஏனைய இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ சுரங்கள் இப்படி இடம் மாறும். ஆகவே தாய் ஸட்ஜத்தை எந்தக் கட்டையில் வைப்பது என்பதே இந்த அமைப்பில் மிக முக்கியமான முடிவு. குழுவில் பாடுவோர் மிகுதியாக நிற்கும் கட்டையைக் கேட்டறிந்து, கருவி முழுவதையும் அந்த இடத்துக்குப் பெயர்த்து அமைக்கச் சொல்லலாம். கடையில் விற்கும் எந்தக் கருவியும் இதற்கு இடம் தராது.

இங்கிலிஷ் அமைப்பின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஒரு ஸ்தாயியில் ஏழு சுரங்கள் என்பதால் மேல் ஸ மறுகைக்குப் போய்விடும். மத்திம ஸ்தாயியில் இடக்கை செய்ததைத் தார ஸ்தாயியில் வலக்கை செய்ய வேண்டும். பிள்ளைகள் ஒரே வரிசையை இரண்டு முறை கற்பது போலாகிறது. அடுத்தது பிடி. இதில் கைப்பட்டி கிடையாது. பெருவிரலுக்கு ஒரு வளையமும் சுண்டுவிரலுக்கு ஓர் உலோகத் தாங்கியுமே உண்டு. ஒன்றேகால் கிலோ அளவான கருவியை நின்றபடி நெடுநேரம் இவற்றில் சுமந்தால் பெருவிரல் நோகும். பெருவிரல் வளையத்தை அகலமாகத் தோலில் செய்து, மணிக்கட்டுக்கு ஒரு துணைப்பட்டியும் சேர்க்கச் சொல்வது இந்நோவைப் பெருமளவு தணிக்கும். ஆங்கிலோவின் இறுக்கமான கைப்பட்டியை இதில் பொருத்துவது சரிவராது. கை கட்டுண்டால் நான்கு வரிசைக்கும் விரல் எட்டாது.

கமகம் (சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது) பற்றிய கேள்வி நிச்சயம் எழும். எழுவது நியாயமும் ஆகும். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்கு, சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்ல அதனால் இயலாது என்பது ஒரு முக்கிய காரணம். கொன்சர்ட்டீனாவுக்கும் அது இயலாது. வயலினின் சாருவை (வழுக்கிச் செல்லும் கமகத்தை) இதில் எதிர்பார்ப்பவர் வயலினையே எடுக்க வேண்டும். இருப்பினும் இரண்டு அடுத்தடுத்த சுரங்கள் இரு கைகளில் இருப்பதால், அவற்றை விரைந்து மாற்றி அசைவின் சாயலைக் காட்டுவது ஆர்மோனியத்தை விட இங்கே இலகு, அசைவின் நடுவில் துருத்தியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். சிந்துநடைப் பாட்டுக்கும் தேவாரத்தின் எளிய நடைக்கும் இது போதும். விரிவான ஆலாபனைக்குப் போதாது.

சுருதி சேர்ப்பதில் இரண்டு வழிகள் உண்டு. அரைச்சுரங்களைச் சம இடைவெளியில் வைப்பது ஒன்று, ஸட்ஜத்தோடு இயல்பாக இணங்கும் விகிதங்களில் வைப்பது மற்றொன்று. ஒரு கட்டை ஸட்ஜம் 261.6 ஹேர்ட்ஸ் எனில் இயல்பான அந்தர காந்தாரம் 327.0இல் நிற்கும், சம இடைவெளியில் அது 329.6 ஆகிவிடும். வேறுபாடு அரைச்சுரத்தின் நூறில் 14 பங்குதான். ஆனாலும் சுருதிப் பெட்டியின் ஸட்ஜத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது இரண்டின் மேற்சுரங்களும் மோதி நொடிக்குப் பத்து அடிப்புகள் எழும், நீட்டிப் பிடித்த காந்தாரம் நடுங்குவது போல் கேட்கும். பயிற்சியுள்ள செவிக்கு இது உறுத்தும். இயல்புச் சுருதியில் அந்த உறுத்தல் இல்லை; ஆனால் அது ஒரே ஸட்ஜத்துக்கு மட்டும் இனிக்கும். தாய்ப் பஞ்சமத்தை ஸட்ஜமாக மாற்றிய உடனே அதன் ரிஷபம் ஏறத்தாழ 22 பங்கு தாழ்ந்து ஒலிக்கும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரம் போன்ற ஓர் ஆலயத்தில் ஒரே குழுவாக ஒரே கட்டையில் பண்ணிசை பாடுவோருக்கு இயல்புச் சுருதியே தகும். கூத்துக்கு அது தகாது. இரவில் பல கட்டை மாறும் களரியில் எல்லோருக்கும் சமமாகச் சிறிது விட்டுக்கொடுக்கும் சம இடைவெளியைத்தான் நான் தெரிவு செய்வேன்.

அடுத்து நாக்குகள். கருவியின் விலையும் குரலும் ஆயுளும் இவற்றிலேயே தங்கியிருப்பதால் இங்கே அவசரப்படக் கூடாது. அளவிட்டுச் செய்யும் ஐரோப்பியக் கைவினைஞர் பயன்படுத்தும் மரபான கொன்சர்ட்டீனா நாக்கு, உருக்கு நாக்கொன்றைப் பித்தளைச் சட்டத்தில் பொருத்தி, அச்சட்டத்தை மரப்பலகையின் சரிவான காடியில் இறுக்கிச் செருகுவது. ஒலி மிகத் தூய்மையானது, விரைவாகவும் எழும். ஆனால் அந்த இறுக்கம் மரத்தின் ஈரப்பதத்தை நம்பியிருக்கிறது. வன்னியில் ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி. அதன்பின் நீண்ட கோடையும் சோளகக் காற்றும். மாரியில் மரம் பருத்துச் சட்டத்தை நெருக்கும், நாக்கு உரசும். கோடையில் மரம் சுருங்கிச் சட்டம் தளரும், காற்று கசியும். இப்படியான நாட்டில் இவ்வகையை வைத்திருப்பவர் அதனைச் சீர்செய்யவும் கற்றிருக்க வேண்டும்.

ஆர்மோனிய நாக்கு எம்மவருக்குப் பழக்கமானது. குசராத்தின் பாலித்தானா நாக்குகள் பேர்பெற்றவை. முழுவதும் பித்தளையாதலால் முல்லைத்தீவுக் கரையோரத்து உப்புக் காற்றிலும் துருப்பிடிக்காது. ஆர்மோனியம் திருத்துபவர் எவரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்: நுனியைச் சுரண்டினால் ஒலி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். எனினும் அது காற்றை ஒரு திசையில் மட்டும் ஏற்கும் நாக்கு என்பதால், ஒரு பொத்தானுக்கு இரண்டாக 32 பொத்தானுக்கு 64 தனி நாக்குகளை இரு பெட்டிகளுள் அடக்க வேண்டும். நீண்ட சட்டங்களால் பெட்டி பருக்கும், பாரமும் கூடும். கொன்சர்ட்டீனாவில் கை நேரடியாகத் தரும் அழுத்தத்தில் பித்தளை நாக்கு விரைவில் தளர்ந்து சுருதி இழக்கும் என்பதே பெரிய தடை. பழைய இங்கிலிஷ் கொன்சர்ட்டீனாக்களுள் பித்தளை நாக்கு உள்ளவை மென்மையாக ஒலித்தாலும், முறிவும் சுருதிப் பிசகும் அவற்றில் மிகுதி.

அக்கோடியன் நாக்கில் ஒரு தட்டின் இரு புறமும் ஒவ்வோர் உருக்கு நாக்கு உண்டு. ஒன்று அழுத்தலுக்கு, மற்றது இழுப்புக்கு. 32 தட்டுகளோடு வேலை முடிந்துவிடும். இத்தாலியின் காஸ்தெல்பிதார்தோ இத்தொழிலுக்குப் பேர்பெற்ற நகரம். உறவினர் வழியாகப் புதிய தட்டுகளை வருவிக்கலாம், பழுதடைந்த பழைய அக்கோடியனிலிருந்தும் எடுக்கலாம். ஒலி கொன்சர்ட்டீனாவுக்கு உரிய கூர்மையிலிருந்து சற்று உருண்டு அக்கோடியன் பக்கம் சாயும். அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் தேன்மெழுகில் ஒட்டும் வழக்கமான முறையை இங்கே பின்பற்றக் கூடாது. தேன்மெழுகு 62 பாகை செல்சியசுக்கு மேல் உருகும், அதற்கு வெகுமுன்பே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மாங்குளச் சந்தியில் பூட்டி நிறுத்திய வாகனத்துள் விட்ட கருவியில் தட்டுகள் நழுவிக் கிடக்கும். மெல்லிய தோலை அடியில் விரித்துச் சிறு திருகாணிகளால் இறுக்குவதே எம் காலநிலைக்குப் பொருந்தும். உருக்குக்குத் துரு ஒரு பகை என்பதால், கரையோரத்தில் இருப்பவர் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு மூடிய பெட்டியில் கருவியை வைக்கப் பழக வேண்டும். இவ்வளவையும் எண்ணிப் பார்த்தே அக்கோடியன் நாக்கைத் தெரிவு செய்கிறேன்.

மரவேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல ஓடாவியார் ஒருவர் அமைந்தால் பெட்டி தானே அமையும். முதிரையும் பாலையும் எம் காட்டின் பெருமைக்குரிய மரங்கள் என்றாலும் கையில் ஏந்தும் கருவிக்கு அவை மிகு பாரம், முதிரையை வெட்டவும் ஏற்றவும் அனுமதிப் பத்திரமும் வேண்டும். பழைய வீட்டு நிலை, கதவுகளிலிருந்து கிடைக்கும் ஈரம் முற்றாக வற்றிய தேக்கு பக்கங்களுக்கு நன்று. நாக்குப் பலகைக்கு மரத்தின் அழகு தேவையில்லை, அசையாமை தேவை. தரமான ஒட்டுப்பலகை போதும். துருத்தியை மட்டும் மலிவாகச் செய்யக் கூடாது. தடித்த அட்டையில் மடிப்புகளை வெட்டி, மடிப்பின் உள்விளிம்பைத் துணியாலும் வெளிவிளிம்பையும் மூலைகளையும் மெல்லிய, நன்கு பதனிட்ட ஆட்டுத்தோலாலும் மூட வேண்டும். மத்தளத்துக்கு வார்க்கும் தோல் இதற்கு உதவாது. அது மடிப்பில் வெடிக்கும். மெட்டு மட்டும் வாசிப்பதற்குக் காற்றுச் செலவு குறைவு என்பதால் ஆறு மடிப்புகள் போதும். நீண்ட விருத்த அடிகளை ஒரே இழுப்பில் முடிக்க விரும்புபவர் ஏழு கேட்கலாம்.

ஆக, கூத்துக்கும் பண்ணிசைப் பயிற்சிக்கும் பொதுவாக ஒரே கருவி செய்விப்பதாயின், திருத்திய இங்கிலிஷ் அமைப்பில் 32 பொத்தான்கள், திருகிப் பொருத்திய அக்கோடியன் நாக்குகள், சம இடைவெளிச் சுருதி, தேக்குப் பெட்டி, ஆறு மடிப்புத் துருத்தி என்றே எழுதிக் கொடுப்பேன். ஓடாவியாரிடம் போகுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அறுகோண அட்டைகள் இரண்டை வெட்டி, 32 பொத்தானிடங்களையும் அவற்றில் குறித்து, ஒவ்வோர் இடத்திலும் சுரப் பெயரை எழுதி, வாசிக்கப்போகிறவரின் கையில் கொடுத்துச் சரளி வரிசையையும் அவர் நன்கு அறிந்த ஒரு தருவையும் பாடியபடி விரல் வைத்துப் பார்க்கச் செய்ய வேண்டும். நுனிவிரல் எட்டாத வரிசை எது, சுண்டுவிரல் தாங்கி எங்கே இடிக்கிறது, பொத்தான்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி அந்தக் கைக்கு இதம் என்பவை அப்போதே தெரிந்துவிடும். தாய் ஸட்ஜத்தையும் அதே அமர்வில், பாடுவோர் எல்லோரையும் ஒரே பாட்டை அவரவர் இயல்பில் எடுக்கச் சொல்லிக் கேட்டு, அட்டையின் நடுவில் எழுதிவிடலாம்.